பாங்காக் மழையும் ஒரு குங்குமப் பொட்டும்

பாங்காக் போய்விட்டு வந்தேன் என்று தெரிந்ததும் மணவாள நகரில் எங்கள் தெருவில் எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். "இன்னா வாங்கினு வந்தே?" "இன்னா பாத்தே?" முதல் கேள்விக்குக் காட்ட என்னிடம் கைக்குள் அடங்குகிற ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் அதைவிட மோசம். தங்கப் புத்தரைப் பார்க்கவில்லை, மிதக்கும் சந்தையைப் பார்க்கவில்லை. நான்கு நாளில் நான் கண்ணாரப் பார்த்தது ஓட்டலின் மூன்றாம் மாடி ஜன்னலையும், எதிரே தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மருந்துக்கடையின் படிகளையும்தான்.

என் பெயர் வசந்தி. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கேஜ் ரூம் என் பொறுப்பு. கேஜ் என்றால் அளவு பார்க்கிற சாதனம். எங்களுடையது பெரும்பாலும் டிபன் பாக்ஸ் அளவு இரும்புக் கட்டை. செய்த பாகத்தை அதில் உட்கார வைத்து ஒரு பின்னைச் செருக வேண்டும். பின் உள்ளே போனால் பாகம் சரி, போகாவிட்டால் குப்பை. பதினான்கு வருடமாக இதே வேலை என்பதால் வீட்டிலும் எனக்கு அதே புத்திதான். தோசை வட்டமாக வராவிட்டால்கூட நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

பாங்காக்கின் ஓரத்தில் உள்ள ஒரு பட்டறை எங்களுக்காக ஒரு மோல்டு செய்திருந்தது. உருக்கிய பிளாஸ்டிக்கை உள்ளே வாங்கி, வைப்பர் மோட்டார் மூடியாக வெளியே தள்ளும் இரும்பு அச்சு அது. மாதிரிக்கு எடுத்த மூடிகளை நான் என் கேஜில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், சனிக்கிழமை மோல்டு கப்பலுக்குப் போகும். தவறினால் அடுத்த கப்பல் எப்போது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

இங்கே அந்த மோல்டை நம்பிப் புது லைன் போட்டாயிற்று. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து இருபத்திரண்டு பெண்களை எடுத்து, நானே மூன்று வாரம் பழக்கியிருந்தேன். மோல்டு வரும்வரை அவர்களுக்கு வேலை கிடையாது. நான் கிளம்பிய அன்று அவர்களில் ஒருத்தி பஸ் வரைக்கும் கூடவே வந்தாள். "ஓகே பண்ணினு வந்துருக்கா. ஒரு தபா ஊட்ல ஒக்கார வெச்சுட்டாங்கோன்னா மறுபடி வெளிய உடமாட்டாங்கோ" என்றாள். அந்தப் பேச்சு விமானத்திலும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

கூட வந்தவர் மெயின்டனன்ஸ் சாதிக். பழவேற்காட்டில் இறால், நண்டு வியாபாரம் செய்யும் குடும்பம். அண்ணன்மார்கள் எல்லாம் கல்லாவில் உட்கார, இவர் மட்டும் ஸ்பானரைப் பிடித்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைப் பாய் என்பேன். பன்னிரண்டு வருடமாக ஒரே கம்பெனி பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டே போய் வருகிறோம்.

செவ்வாய்க்கிழமை பாங்காக் விமான நிலையத்திலேயே ஒரு அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மரப்பெட்டி, அதற்குள் கேஜ். முந்தின வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. மரப்பெட்டி மூடியில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததும் அந்த மனிதர் என்ன ஏது என்று கேட்காமல் இரண்டு கையையும் கூப்பிவிட்டு மூடியைச் சாத்தினார். "பாத்தீங்களா, சாமி பேரச் சொல்லி வெளிய வந்துட்டோம்" என்றார் சாதிக். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

டாக்சி இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தது. ஏறி உட்கார்ந்து இருபது நிமிடத்தில் நின்றது, பிறகு ஒரு மணி நேரம் நின்றபடியே இருந்தது. முன்னும் பின்னும் கண்ணுக்கு எட்டிய வரை வண்டி. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கவரைப்பேட்டை பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நம் ஆட்கள் ஹாரனிலிருந்து கையை எடுப்பார்களா?

"இன்னாக்கா இது, எல்லாரும் தூங்கினு கீறாங்களா?" என்று சாதிக் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தார். டிரைவர் திரும்பிச் சிரித்துவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று சாதிக் ஊரிலிருந்தே கவலைப்பட்டுக்கொண்டு வந்தார். இறங்கிய அரை மணி நேரத்தில் ஓட்டலுக்குப் பின் சந்தில், பிறை போட்ட ஒரு தள்ளுவண்டிக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். முக்காடு போட்ட அம்மாள் ஒருவர் மஞ்சள் சோற்றில் கோழியைப் புதைத்து, மேலே வறுத்த வெங்காயத்தைத் தூவி, பக்கத்தில் புதினாச் சட்னி மாதிரி ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். சட்னி இனித்தது. "நம்ம பிரியாணிக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சாதிக் இன்னொரு தட்டு வாங்கினார்.

புதன்கிழமை பட்டறை. கம்பெனி என்று கடிதத்தில் போட்டிருந்தார்களே தவிர, பெரிய தகரக் கொட்டகைதான். ஆனால் தரையில் ஒரு சுருள் இரும்புச் சீவல் கிடையாது. முதலாளி ஆங்கிலம் பேசினார். மோல்டைச் செய்தவர் பெயர் சோம்சக். ஐம்பது வயது இருக்கும், தாய் மொழியைத் தவிர வேறு தெரியாது, அதையும் அதிகம் பேசவில்லை.

மூன்று மூடிகளை அடித்துக் கொடுத்தார்கள். கேஜைத் துணியால் துடைத்துவிட்டு முதல் மூடியை வைத்தேன். துடைக்காமல் வைத்தேன் என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. மூடி ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கி நின்றது, பின் உள்ளே போகவில்லை. இரண்டாவது மூடியும் தூக்கியது. மூன்றாவதும் அப்படியே. மூடியின் அடியில் உள்ள மூன்று கால்களில் ஒரு கால் முடி அளவு நீளம் என்று அர்த்தம்.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. சோம்சக்கைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி கத்தினார். மொழி புரியாவிட்டாலும் திட்டு எந்த ஊரிலும் திட்டுதான். சோம்சக் வரைபடத்தை விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்து ஏதோ சொன்னார். முதலாளி கையை வீசி அதைத் தள்ளினார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"தன்னுடைய அளவு சரிதான் என்கிறார். விடுங்கள்."

"கேஜ் பொய் சொல்லாது" என்றேன் நான். கேஜ் மேல் ஒட்டியிருந்த பரிசோதனை ஸ்டிக்கரையும் தட்டிக் காட்டினேன். செப்டம்பரில் சோதித்து ஒட்டியது. சோம்சக் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

கால் வார்க்கிற இடத்தில் மோல்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு தனி இரும்புத் துண்டு இருக்கிறது. அதன் முகத்தை முடி அளவு தேய்த்தால் கால் குட்டையாகிவிடும். வியாழன் காலை தேய்ப்பது, வெள்ளி அன்று மறுபடி வைத்துப் பார்ப்பது, சனிக்கிழமை கப்பல். நான்தான் சொன்னேன், முதலாளி ஒப்புக்கொண்டார்.

வியாழன் விடியும்போதே மழை. நம் ஊர் ஐப்பசி மழை ஒரு பாட்டம் அடித்துவிட்டு மூச்சு வாங்கும். இது மூச்சே வாங்கவில்லை. ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தபோது எதிர் மருந்துக்கடையின் நான்கு படிகளில் ஒன்று மூழ்கியிருந்தது. ஏழு மணிக்கு இரண்டாவது. கரண்ட் போனது, லிஃப்ட் நின்றது, அறையின் ஏ.சி. பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

காலை உணவுக்குக் கீழே இறங்கினால் வரவேற்பறையில் கணுக்கால் தண்ணீர். வரவேற்பில் இருந்த பெண்ணின் பெயர் ப்ளாய். பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, முகத்தில் சிரிப்பு குறையாமல், எங்களுக்கு முதல் மாடிப் படிக்கட்டிலேயே நாஷ்டா பரிமாறினாள். அரிசிக் கஞ்சி. அதில் இஞ்சி, வெங்காயத்தாள், பொரித்த பூண்டு, பாதி வெந்த முட்டை. வெறும் கஞ்சிக்கு இவ்வளவு ஜோடனை எதற்கு என்று நினைத்தேன், இரண்டு கிண்ணம் குடித்தேன்.

"பட்டறைக்கு எப்படிப் போவது?" என்று ப்ளாயைக் கேட்டேன்.

"இன்று எங்கேயும் போக முடியாது. ஓய்வெடுங்கள்" என்றாள்.

ஓய்வு எனக்கு ஒத்துவராது. தடுத்துப் பார்த்த சாதிக்கை உதறிவிட்டு வாசலுக்குப் போனேன். ஆரஞ்சு அங்கி போட்ட பைக் டாக்சிக்காரர் ஒருவர் முதலில் மாட்டேன் என்றவர், நான் நின்ற நிலையைப் பார்த்துச் சரி என்றார். இருபது அடி போனோம். பைக் இரண்டு முறை இருமிவிட்டு நடுத்தெருவில் நின்றது. அவர் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, இடுப்பு வரை நனைந்து திரும்பி வந்தேன். சாதிக் படிக்கட்டில் நின்று கை தட்டினார்.

"கடல் ஏறிக்கினு கீதுக்கா. ஆத்துத் தண்ணிய அது உள்ள தள்ளுது. மழத்தண்ணி எங்க போவும்? எங்க ஏரியிலயும் இதே கததான். நைட்டு கடல் எறங்கிச்சுன்னா, காலைல தர தெரியும். அதுவரிக்கும் சும்மா ஒக்காருங்கோ" என்றார்.

அவர் சும்மா உட்கார்ந்தார். தொழுதார், தூங்கினார், எழுந்து பழவேற்காட்டுக்கு வீடியோ போட்டுத் தண்ணீரைக் காட்டினார். நான் மருந்துக்கடைப் படியை எண்ணினேன். பதினொரு மணிக்கு மூன்றாவது படி போயிற்று. என் துணிகளை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். கடைசியில் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, கேஜையும் கையோடு கொண்டு வந்திருந்த மூன்று மூடிகளையும் எடுத்து வைத்தேன். வேலைக்குப் போக முடியாவிட்டால் வேலையை வரவழைப்பது என்று முடிவு.

மூடியை வைத்தேன். தூக்கியது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். கேஜுக்குள் மூடியின் மூன்று கால்களும் உட்கார மூன்று சின்ன மேடைகள் உண்டு. கீழே இரண்டு, மேலே ஒன்று. மேலே உள்ளது ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது, துணி சுற்றிய விரல் அங்கே சரியாகப் போகாது. குளியலறையில் ஓட்டல்காரர்கள் காது குடையும் பஞ்சுக்குச்சி நான்கு வைத்திருந்தார்கள். ஒன்றை எண்ணெயில் தோய்த்து அந்தப் பள்ளத்துக்குள் விட்டுத் திருகி எடுத்தேன்.

பஞ்சு சிவப்பாக வந்தது.

கையைத்தான் கிழித்துக்கொண்டேன் என்று நினைத்து விரலைப் பார்த்தேன். விரலில் ஒன்றும் இல்லை. முகர்ந்து பார்த்தேன். எங்கள் கேஜ் ரூம் வாசனை வந்தது. ஆயுத பூஜை அன்றைய வாசனை.

பூஜைக்கு முந்தின நாள் எல்லாக் கேஜையும் துடைத்து மேசையில் வரிசையாக வைத்து, ஒன்று விடாமல் நானே பொட்டு வைப்பேன். வேறு யாரையும் தொட விட மாட்டேன். மற்றவற்றுக்கெல்லாம் மேல் பக்கம், கைப்பிடி என்று வைத்தேன். இதற்கு மட்டும், கீழே இரண்டு மேடை இரண்டு கண் மாதிரியும், மேலே உள்ளது நெற்றி மாதிரியும் தெரிந்தது. ஆசையாகக் குனிந்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை நெற்றியில் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். மறுநாள் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவினேன். சந்தனமும் எண்ணெயும் சேர்ந்து மேடை மேல் பொருக்காகக் காய்ந்து, இரும்போடு இரும்பாக நிறம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முடி அளவு.

நான்கு குச்சியையும் தீர்த்தேன். இரும்பு பளிச்சென்று தெரிந்தது. மூடியை வைத்தேன். தூக்கவில்லை. பின்னைச் செருகினேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மூன்று மூடிகளும் சரி.

பட்டறையில் சோம்சக் அந்த இரும்புத் துண்டை இன்று காலை தேய்க்க வேண்டும். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. புதிதாக ஒன்று செய்து, சூட்டில் காய்ச்சிப் பதம் போட்டு, பொருத்த நான்கு நாளாவது ஆகும் என்று முந்தின நாள் முதலாளியே சொல்லியிருந்தார். அப்படியானால் கப்பல் போச்சு.

"பாய்! எழுந்திருங்க!" என்று போட்ட சத்தத்தில் சாதிக் தொப்பியோடு ஓடி வந்தார். பஞ்சைக் காட்டினேன். அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஐயோ... பொட்டு" என்றார்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. மறுபடியும் போட்டேன், மறுபடியும். மூன்று மாடி இறங்கி ப்ளாயிடம் போனேன். பட்டறையின் லேண்ட்லைன் நம்பர் கடிதத்தில் இருந்தது. "இந்த நம்பரில் யார் எடுத்தாலும் ஒரே வார்த்தை சொல்லுங்கள். நிறுத்து. சோம்சக் தேய்ப்பதை நிறுத்த வேண்டும்" என்றேன்.

ஓட்டல் தொலைபேசியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். ப்ளாய் ஏழெட்டு முறை சுழற்றிய பிறகு பட்டறை வாட்ச்மேன் எடுத்தார். அவர் பேசப் பேச அவள் எனக்குச் சொன்னாள். "யாரும் வரவில்லையாம். சோம்சக் மட்டும் இருக்கிறாராம். நேற்று இரவு வீட்டுக்கே போகவில்லையாம்."

"போய்க் கூப்பிடச் சொல்லுங்கள்."

"வாசலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணீராம்."

"நீந்திப் போகச் சொல்லுங்கள்" என்றேன். ப்ளாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ மரியாதையான வார்த்தையில் அதைச் சொன்னாள் என்று நினைக்கிறேன். வாட்ச்மேன் போனார். நானும் சாதிக்கும் தண்ணீரில் நின்றபடி காத்திருந்தோம். சாதிக் உதடு மட்டும் அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நானும் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

பத்து நிமிடம் கழித்து ப்ளாய் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். இரண்டு வார்த்தை கேட்டாள். அவள் சிரிப்பு நின்றது.

"தேய்த்துவிட்டாராம். காலையிலேயே முடித்துவிட்டாராம்."

காரணத்தைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் லைன் செத்துப்போனது. பிறகு எத்தனை முறை சுழற்றியும் வரவில்லை.

அறைக்கு ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். தப்பு செய்தவள் அழுதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் அழுதேன். அந்த இருபத்திரண்டு பேரின் முகமும், பன்னிரண்டு பேர் நடுவில் நின்ற சோம்சக்கின் முகமும் மாறி மாறி வந்தன. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு எங்கள் மேனேஜர் ரமணய்யா சாருக்குப் போன் போட்டேன். சத்தியவேட்டுக்காரர், நல்ல மனிதர், ஆனால் தன் தலைக்கு வந்ததை அடுத்த தலைக்குத் தள்ளிவிடுவதில் கெட்டிக்காரர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"இன்னும் தெரியாது சார்."

"அப்ப உடும்மா. மோல்டு அவங்கோ செஞ்சது, தேய்ச்சது அவங்கோ கையி. அவங்களே புதுசு போட்டுக் குடுக்கட்டும். நீ இன்னாத்துக்கு நடுவுல போய் வாயக் குடுக்கறே?"

"தேய்க்கச் சொன்னது நான் சார்."

"ஏம்மா, நான் சொல்றத கேளு. கேஜ்ல குங்குமம்னு வெளிய தெரிஞ்சா ஆடிட்ல நம்ம மானம் போயிரும். பெரிய பேஜாரு. எழுதித்தான் ஆவணும்னா தூசின்னு எழுதிக்கோ."

"குங்குமம் தூசி இல்ல சார்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

சாதிக் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நீங்கோ இன்னா சொல்லப் போறீங்கோ?" என்று கேட்டார்.

"உள்ளத."

"அப்ப நானும் கூட நிக்கிறேன். திட்டு உழுந்தா பாதி பாதி." சொல்லிவிட்டு, ப்ளாய் கொடுத்தனுப்பிய வறுத்த வாழைப்பழத்தில் எனக்கு மூன்று, அவருக்கு ஐந்து என்று பிரித்தார். அது பாதி பாதி இல்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலை மருந்துக்கடையின் நான்கு படியும் தெரிந்தது. சாதிக் சொன்னபடியே கடல் இறங்கி, தெருவில் சேறும் செருப்பும் மட்டும் மிச்சம். ஆனாலும் டாக்சி வர மறுத்தது. தன் அண்ணன் ஐஸ் கட்டி ஏற்றும் உயரமான லாரியில் ப்ளாய் எங்களை ஏற்றிவிட்டாள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பல் கிடுகிடுக்க, மடியில் கேஜோடு பட்டறை போய்ச் சேர்ந்தோம்.

முதலாளி வந்திருந்தார். ஆட்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வேலை முடிந்தது, வைத்துப் பாருங்கள்" என்று அலுவலகத்துக்குள் அழைத்தார்.

"இங்கேயே பேசலாம். எல்லோரையும் கூப்பிடுங்கள்" என்றேன்.

"எல்லோரும் எதற்கு?"

"புதன்கிழமை அவரைத் திட்டியபோது பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் வேண்டும்."

வந்தார்கள். சோம்சக் கடைசியில் நின்றார், கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. நான் கேஜைத் திறந்து அந்த மேடையைக் காட்டினேன். சிவந்த பஞ்சுகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு போயிருந்தேன், அதையும் காட்டினேன். "வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் சாதனங்களுக்கு நாங்கள் பூஜை போடுவோம். அன்றைக்குப் பொட்டு வைத்தது என் கை. வைக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டேன். இவர் அளவு முதலிலிருந்தே சரி. தேய்க்கச் சொன்னது என் தப்பு. இவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன்.

அதைத் தாய் மொழியில் சொன்ன முதலாளி பாதியை விழுங்கப் பார்த்தார். "எல்லாவற்றையும் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று அங்கேயே நின்றேன். அவர் சொன்னார். முடித்ததும் அவரே சோம்சக் பக்கம் திரும்பி மெதுவாக இன்னும் ஏதோ சொன்னார். அது எனக்கு மொழிபெயர்க்கப்படவில்லை, நானும் கேட்கவில்லை.

சோம்சக் திரும்பி உள்ளே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. அடித் தட்டைத் திறந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு இரும்புத் துண்டு. தீப்பெட்டி அளவு. தேய்க்காதது.

முதலாளிக்கே அது புதுச் செய்தி. அவர் கேட்கக் கேட்க, சோம்சக் இரண்டிரண்டு வார்த்தையாகப் பதில் சொன்னார். புதன்கிழமை சாயங்காலம் மூன்று முறை அளந்தாராம், மூன்று முறையும் சரியாக இருந்ததாம். முதலாளி சொல்லைத் தட்டவும் முடியாது, சரியான இரும்பைத் தேய்க்கவும் மனம் வரவில்லை. முன்பே பதம் போட்டு மிச்சம் வைத்திருந்த கட்டையில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னொன்று செய்தாராம். காலையில் தேய்த்தது அதைத்தான். கேஜ் சரி என்றால் அது ஆகும், கேஜ் தப்பு என்றால் இது இருக்கிறது. இரும்பை வீணாக்கினாய் என்று திட்டு விழும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

"யா அல்லா" என்று சாதிக் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சோம்சக் கூச்சத்தில் நெளிந்தார்.

மூலத் துண்டை மோல்டில் திரும்பப் பொருத்தி ஐந்து மூடி அடித்தார்கள். ஐந்துக்கும் பின் உள்ளே போயிற்று. கையெழுத்துப் போட்டேன். அறிக்கையில், புதன்கிழமை தள்ளியதற்குக் காரணம் என்ற கட்டத்தில், "கேஜில் குங்குமம். வைத்தவர்: கேஜ் ரூம் பொறுப்பாளர்" என்று எழுதி எங்கள் கம்பெனிக்கும் அவர்களுக்கும் சேர்த்து அனுப்பினேன்.

கிளம்பும்போது சோம்சக் என்னைத் தன் இரும்பு தேய்க்கும் மெஷினுக்குக் கூட்டிப் போனார். அதன் தலைப்பக்கத் தகட்டில் வெள்ளைச் சாந்தில் வரிசையாகப் பொட்டுகள். அவர்கள் ஊரில் பிக்கு வந்து வைப்பதாம். சோம்சக் அந்தப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு இரும்பை வைத்துத் தேய்க்கிற மேசையைக் காட்டி, ஒரு விரலை இல்லை இல்லை என்று என் மூக்குக்கு நேராக ஆட்டினார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சாதிக் சிரித்தது மட்டும் கொஞ்சம் அதிகம். வாசலில் சோம்சக் தேய்த்த துண்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

மோல்டு சனிக்கிழமைக் கப்பலில் வந்துவிட்டது. லைன் ஓடுகிறது, இருபத்திரண்டு பேரும் வருகிறார்கள். ரமணய்யா சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேஜ் ரூம் கதவில் அவர் கையெழுத்திலேயே ஒரு அட்டை தொங்கியது: "பொட்டு பெட்டிக்கு மட்டும்."

பக்கத்து வீட்டு அம்மா அந்த இரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்மாந் தூரம் போய் இதையா வாங்கினு வந்தே? இது எதுக்கு ஆவும்?"

"எதுக்கும் ஆவாதும்மா" என்றேன். "நான் சொன்ன அளவுக்குச் சரியா தேய்ச்சது."